ஈரம் காயாத களம்

"நெல்லு காயப்போடுற எடம் டீச்சரம்மா. மழை பேஞ்சா பாசி புடிச்சுக் கெடக்கும். பாத்துப் போங்க."

2023-ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஒரு காலை, மழை விட்டு ஒரு மணி நேரம்கூட ஆகாத வேளையில், உடையார்பாளையத்தின் விளிம்பிலுள்ள உலர்களம் ஒன்றின் ஓரமாக ஆடுகளை ஓட்டிக்கொண்டு போன மூதாட்டி ஒருவர் எனக்குச் சொன்ன எச்சரிக்கை இது. நான் அப்போது களத்தின் நடுவே, கால்களில் சக்கரங்களைக் கட்டிக்கொண்டு, இரு கைகளையும் விரித்தபடி நின்றுகொண்டிருந்தேன். எனக்கு வயது 41. அவர் அந்தக் கோலத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தரையைப் பற்றி மட்டுமே சொன்னார். அதன்பின் எத்தனையோ பேர் என் வயதைப் பற்றியும் வேலையைப் பற்றியும் மானத்தைப் பற்றியும் சொல்லிவிட்டார்கள். தரையைப் பற்றிச் சொன்னவர் அவர் ஒருவர்தான். இந்தக் கட்டுரையும் பெரும்பாலும் தரையைப் பற்றியதே.

என் இளமை நெய்வேலியில் கழிந்தது. அப்பாவுக்கு அங்கே நிலக்கரி நிறுவனத்தில் வேலை. வட்டம் வட்டமாகப் பிரித்துக் கட்டிய அந்த நகரியத்தின் தெருக்களை அறிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அகன்ற, நிழல் விழுந்த, வண்டிகள் அதிகம் வராத தெருக்கள். அன்றைக்கு எங்களிடம் இருந்தவை செருப்பின்மேல் வாரால் கட்டிக்கொள்ளும் இரும்புத் தகடுகள். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் இரண்டு சக்கரம். கால் வளர வளரத் தகட்டைச் சாவியால் முடுக்கி நீட்டிக்கொள்ளலாம். ஓடும்போது எழும் கடகடவென்ற ஓசையைக் கேட்டே எந்த வீட்டுப் பிள்ளை வருகிறது என்று தெருவில் சொல்லிவிடுவார்கள்.

1995 கோடை விடுமுறையில் நான் வயதுக்கு வந்தேன். சடங்குக்காக உடையார்பாளையத்திலிருந்து வந்திருந்த ஆயா, வீட்டை ஒழுங்குபடுத்தும்போது அந்தத் தகடுகளையும் ஒரு சாக்கில் சுற்றிப் பரண்மேல் ஏற்றிவிட்டார். யாரும் கோபப்படவில்லை, யாரும் தடை விதிக்கவுமில்லை. பரணில் ஏறியது பிறகு இறங்கவில்லை, அவ்வளவுதான். என் தம்பி தன் கல்யாணத்துக்கு முதல் வாரம்வரை கிரிக்கெட் ஆடினான் என்பதையும் இங்கே குறித்துவைக்கிறேன். குறையாகச் சொல்லவில்லை, ஒரு வீட்டிலேயே விளையாட்டுக்கு இரண்டு காலக்கெடு இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

*

28 ஆண்டுகள் கழித்து நான் மறுபடி சக்கரம் கட்டியதற்கு ஒரு செய்தி காரணம். சீனத்தின் ஹாங்சோ நகரில் 2023-இல் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், அக்டோபர் 2 அன்று, 3000 மீட்டர் தொடர் சறுக்கோட்டத்தில் இந்திய மகளிர் அணியும் ஆடவர் அணியும் வெண்கலம் பெற்றன. மகளிர் அணியில் சென்னையைச் சேர்ந்த ஆரத்தி கஸ்தூரி ராஜ். ஆடவர் அணியில் சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார். தொலைக்காட்சியில் அந்தப் பெண்கள் இடுப்பை மடக்கி, கைகளை வீசி வளைவுகளில் சாய்ந்து வந்ததைப் பார்த்தபோது, என் கணுக்காலில் ஏதோ ஒன்று நினைவுக்கு வந்தது. மனத்துக்கு நினைவு வருவதை நாம் அறிவோம். காலுக்கும் வரும் என்பதை அன்று கண்டேன்.

அந்த மாதமே ஒரு ஜோடி வாங்கினேன். பழைய இரும்புத் தகடு இப்போது இல்லை. இது முழுக் காலணி; நான்கு சக்கரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில். இந்த ஒற்றை வரிசைக்கு நீண்ட கதை உண்டு. 1760-களில் லண்டனில், பெல்ஜியத்தில் பிறந்த ஜான் ஜோசப் மெர்லின் என்னும் கருவிக் கலைஞர், சக்கரம் பூட்டிய காலணியோடு வயலின் வாசித்தபடி ஒரு விருந்து மண்டபத்துக்குள் வந்தாராம். நிற்கவும் திரும்பவும் வழியில்லாமல் விலையுயர்ந்த நிலைக்கண்ணாடி ஒன்றில் போய் மோதினாராம். உடல் சாய்ந்தால் தானும் திரும்பும் நாற்சக்கரக் காலணிக்கு 1863-இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் பிளிம்டன் காப்புரிமை பெற்றார். 1979-இல் மினியாபொலிஸ் நகரில் ஓல்சன் சகோதரர்கள் பழைய ஒற்றை வரிசைக் காலணி ஒன்றைக் கண்டெடுத்து, ஐஸ் ஹாக்கி ஆடுபவர்கள் பனியில்லாத மாதங்களிலும் பயிற்சி செய்ய ஏதுவாகத் திருத்தினார்கள். அவர்களுடைய நிறுவனத்தின் பெயரான 'ரோலர்பிளேடு' பிற்பாடு அந்தப் பொருளுக்கே பெயராகிவிட்டது.

இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்தவர் மெர்லின்தான். இந்த விளையாட்டின் முதல் ஆளை உலகம் நினைவில் வைத்திருப்பது அவர் ஓடியதற்காக இல்லை, நிற்கத் தெரியாமல் விழுந்ததற்காக. நாற்பது வயதுக்கு மேல் திரும்பி வருகிறவர்கள் அவரை வணங்கிவிட்டுத் தொடங்கலாம்.

தமிழ் அகராதியும் இதையே சொல்கிறது. ஸ்கேட்டிங் என்பதற்கு நாம் வைத்திருக்கும் சொல் சறுக்கு. சறுக்குதல் என்றால் வழுக்குதல், தவறிப்போதல், தோற்றல். வியாபாரத்தில் சறுக்கிவிட்டது என்கிறோம். ஆனைக்கும் அடி சறுக்கும் என்கிறோம். ஆட்டத்துக்கும் வீழ்ச்சிக்கும் ஒரே சொல். மொழிபெயர்ப்பின் வறுமை என்று நான் முன்பு நினைத்ததுண்டு. இப்போது அப்படித் தோன்றவில்லை. வேண்டுமென்றே சறுக்குவது ஆட்டம், வேண்டாமல் சறுக்கினால் விபத்து. இரண்டுக்கும் நடுவில் இருப்பது பழக்கம் ஒன்றே.

*

பெரியவர்கள் விளையாடுவது நம் ஊர்களுக்குப் புதிதா? கோகுலாஷ்டமியிலும் பொங்கலிலும் வழுக்குமரம் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். உயர்ந்த மரத்தில் எண்ணெயும் இன்ன பிறவும் தடவி, ஏறுகிறவர்மேல் கீழிருந்து தண்ணீரை வீசி அடிப்பார்கள். பிள்ளை குட்டி பெற்ற ஆண்கள் ஊர் முழுக்கக் கூடி நிற்கும் இடத்தில் வழுக்கி விழுவார்கள். ஊர் சிரிக்கும், விழுந்தவரும் சிரிப்பார். ஈரத்தில் சறுக்கி விழுவது அங்கே மானக்கேடு இல்லை, அது திருவிழா. ஆனால் அந்த அனுமதி ஆண்டில் ஒரு நாளைக்கு, அதுவும் ஆண்களுக்கு. மற்ற 364 நாட்களிலும் வளர்ந்த ஆள் விளையாடினால் நம்மிடம் அதற்கு இருக்கும் சொற்கள் மூன்று: வேலையத்தவன், கிறுக்கு, கொழுப்பு.

பெரியவர் ஒருவர் உடம்பைப் புதிதாகப் பழக்கிக்கொள்வதை இந்த ஊர் மதித்த காலமும் உண்டு. உடையார்பாளையம் ஜமீனின் ஆஸ்தான வித்துவானாக விளங்கிய கனம் கிருஷ்ணையரைப் பற்றி உ.வே.சாமிநாதையர் தனி நூலே எழுதியிருக்கிறார். கனமார்க்கம் என்னும் கடினமான சங்கீத வழியை முயன்று பழகியதனாலேயே அவர் பெயரின் முன் 'கனம்' சேர்ந்தது. தொண்டையைப் பழக்கினால் சாதகம் என்கிறோம். காலைப் பழக்கினால் கிறுக்கு என்கிறோம். வேறுபாடு எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

*

இனி தரைக்கு வருகிறேன்.

உடையார்பாளையத்தில் சறுக்க எங்கே இடம்? திருச்சி - சிதம்பரம் நெடுஞ்சாலையில் இறங்குவது தற்கொலைக்குச் சமம். உள்சாலைகளில் ஜல்லி பெயர்ந்திருக்கும். பயறணீஸ்வரர் கோயில் கல்தளமும் காண்டீப தீர்த்தத்தின் கரையும் வேறு காரியங்களுக்கானவை. மிஞ்சுவது உலர்களம். சமமான, வழவழப்பான, வண்டி வராத சிமெண்ட் தரை.

ஆனால் அதற்கும் ஒரு பஞ்சாங்கம் உண்டு. தை பிறந்தால் நெல்லும் சோளமும் வந்துவிடும். பங்குனி, சித்திரையில் முந்திரிக்கொட்டை. பிறகு எள், உளுந்து, கடலை என்று ஒன்று மாற்றி ஒன்று. களம் சும்மா கிடப்பது ஐப்பசி பாதியிலிருந்து மார்கழி வரைக்கும்தான். அதாவது வடகிழக்குப் பருவமழையின் காலம். தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி கொட்டித் தீர்க்கும் மாதங்கள். களம் உலர்ந்திருக்கும்போது அது உழவருடையது. நனைந்திருக்கும்போது என்னுடையது. இந்தப் பங்கீட்டில் எனக்குக் குறையில்லை. சோறு முந்தி, சறுக்கு பிந்தி. ஆகவே மழையோடு சறுக்கப் பழகுவதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

பழகியதைச் சொல்கிறேன், யாருக்காவது உதவலாம். சறுக்கோட்டத்தில் காலை நேர் பின்னால் தள்ளுவதில்லை, பக்கவாட்டில் தள்ளுகிறோம். காய்ந்த தரையில் சக்கரம் அந்தத் தள்ளலைப் பற்றிக்கொள்ளும். ஈரத் தரையில் நீர்ப்படலம் இடையில் புகுந்து பற்றைக் குறைத்துவிடும். தள்ளிய கால் தன்பாட்டுக்கு விலகிப் போகும். எனவே மழைநாளில் தள்ளல் குறுகியதாக இருக்க வேண்டும். கால்கள் உடம்புக்கு அடியிலேயே நிற்க வேண்டும். முழங்கால் மடங்கியே இருக்க வேண்டும். சட்டென்று திரும்பக் கூடாது. குதிகாலிலுள்ள பிரேக் கட்டை ஈரத்தில் பாதி வேலைதான் செய்யும் என்பதால், நிற்க வேண்டிய இடத்துக்கு வெகுமுன்பே நிற்கத் தொடங்கிவிட வேண்டும். சக்கரங்கள் பாலியூரித்தேன் என்னும் பொருளால் ஆனவை. கடினமான சக்கரம் காய்ந்த தளத்தில் வேகம் தரும். ஈரத்தில் மென்மையான சக்கரமே ஓரளவு பிடித்து நிற்கும். சாலைப் பந்தயக்காரர்களிடம் மழைக்கென்றே தனிச் சக்கரங்கள் உண்டு.

மழையிலும் பல வகை. கொட்டித் தீர்த்த மழைக்குப் பிந்திய தரையைக் காட்டிலும் தூறல் விழுந்த முதற் சில நிமிடங்களே ஆபத்தானவை. காய்ந்து கிடந்த தூசும் எண்ணெய்ப் பிசுக்கும் ஈரத்தோடு குழைந்து களிம்பாகிவிடும். அரியலூர்ச் சீமையில் இதற்குக் கேட்க வேண்டியதில்லை. சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் வழியெல்லாம் வெள்ளைத் தூசு. பெருமழை அதைக் கழுவிவிடும்; தூறல் குழைத்துவிடும். எல்லாவற்றிலும் கொடியது பாசி. மூதாட்டி சொன்னது அதைத்தான். தண்ணீர் தேங்கும் மூலைகளில் கண்ணுக்குத் தெரியாத பச்சையாகப் படர்ந்திருக்கும். நான் இப்போது போகும்போது ஒரு தென்னந்துடைப்பத்தோடு போகிறேன். முதல் கால்மணி நேரம் பெருக்கித் தண்ணீரை ஓட்டுவது. பாசி கண்ட இடத்தைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவுவது. அடுத்த கால்மணி நேரம் காற்றுக்காகக் காத்திருப்பது. அதன்பிறகே சக்கரம்.

வீடு திரும்பியபின் வேறு வேலை இருக்கிறது. ஒரு சக்கரத்துக்கு இரண்டு பேரிங். ஆக, இரு கால்களுக்கும் சேர்த்து 16. ஒரு இரவு ஈரத்தோடு விட்டால் மறுநாள் கரகரவென்று அழும். ஒரு வாரம் விட்டால் துரு. கழற்றி, துடைத்து, காயவைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய். காலணிக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து வைத்தால் காலைக்குள் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். பதின்மூன்று வயதில் நான் இதில் எதையும் செய்ததில்லை. சிறு பிள்ளையின் விளையாட்டில் ஓட்டம் மட்டுமே இருக்கிறது. பெரியவரின் விளையாட்டில் பாதி, பராமரிப்பு. அந்தப் பாதியும் இன்பமாகவே இருக்கிறது என்பது நான் எதிர்பாராதது.

இவ்வளவும் செய்தும் விழுந்தேன். அந்த முதற் கார்த்திகையிலேயே, களத்தின் கிழக்கு மூலையில், துடைப்பம் எட்டாத ஒரு முழப் பாசியில். முதுகுப்புறமாகப் போய், இடது இடுப்பு தரையில் அறைந்தது. கை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டு முறிவது வழக்கம். மணிக்கட்டுக் காப்பு அணிந்திருந்ததால் அது தப்பியது. தலைக்கவசம் போடாமல் ஒரு நாளும் ஏறியதில்லை. நடுவயதுப் பெண்ணின் எலும்பு பள்ளிக்கூடப் பெண்ணின் எலும்பு இல்லை. முன்னால் சாய்ந்து முழங்கால் காப்பின்மேல் விழக் கற்றுக்கொள்வதுதான் முதற் பாடம் என்பதை நான் இரண்டாவதாகவே கற்றேன். மூன்று வாரம் வகுப்பில் நாற்காலியில் ஒருபக்கமாக உட்கார்ந்தேன்.

*

விழுந்ததைப் பார்த்தவர்களில் எங்கள் பள்ளியின் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி இருந்தாள். மறுநாள் வந்து, "வலிக்குதா டீச்சர்?" என்று கேட்டாள். வலிக்கிறது என்றேன். சற்று நேரம் நின்றுவிட்டு, "எனக்கும் சொல்லித் தர்றீங்களா?" என்றாள். விழுந்ததைப் பார்த்தபிறகு கேட்டாள் என்பதை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். என் இடுப்பு தேறியதும் என் காலணியையே இரட்டைக் காலுறையோடு அணிவித்துப் பழக்கினேன். ஆறே நாட்களில் களத்தின் நீளத்தைக் கையைப் பிடிக்காமல் கடந்தாள். ஏழாம் நாள் வரவில்லை. "வீட்ல வேணாம்னுட்டாங்க டீச்சர். எல்லாரும் பாக்குறாங்களாம்" என்றாள். நான் அவள் வீட்டுக்குப் போய்ப் பேசினேன். அவளுடைய அம்மா மிகுந்த மரியாதையோடு எனக்குக் காப்பி கொடுத்தார். என்னிடம் எதையும் மறுத்துப் பேசவில்லை. பெண் வரவுமில்லை. என் ஆயாவின் பரண் எனக்கு நினைவுக்கு வந்தது. இங்கேயும் யாரும் கோபப்படவில்லை.

"எல்லாரும் பார்க்கிறார்கள்" என்பதை வெறும் பிற்போக்கு என்று ஒதுக்குவது எளிது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதில் ஒரு உண்மை இருக்கிறது. திறந்த வெளியில், சாலையோரத்தில், போகிறவர் வருகிறவர் எல்லோரும் நின்று பார்க்கும் இடத்தில்தான் அந்தப் பெண் விழ வேண்டியிருந்தது. நகரத்துப் பிள்ளைக்கு மறைவாக விழுவதற்கு ஒரு அரங்கு இருக்கிறது. விழுவதற்கு ஓரிடம் இல்லாத ஊரில் பெண் பிள்ளைகள் விளையாட வருவதில்லை என்று வருந்துவதில் என்ன பொருள் இருக்கிறது?

2025 செப்டம்பரில் சீனத்தின் பெய்தாய்ஹே நகரில் நடந்த உலகச் சறுக்கோட்டப் போட்டியில் அதே ஆனந்த்குமார் வேல்குமார் 1000 மீட்டரிலும் 42 கிலோமீட்டர் மாரத்தானிலும் தங்கம் வென்றார். எல்லோரும் கொண்டாடினோம், நானும்தான். ஆனால் பதக்கத்தைக் கொண்டாடுகிற நாம் தரையைப் பற்றிப் பேசுவதில்லை. அரியலூர் மாவட்டம் சுண்ணாம்புக்கல்லின்மேல் உட்கார்ந்திருக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே அலையடித்த கடல் விட்டுச்சென்ற செல்வம் அது. அரசு ஆலையும் தனியார் ஆலைகளும் அதை அரைத்துச் சிமெண்டாக்கி வெளியே அனுப்புகின்றன. எத்தனையோ நகரங்களின் தளங்கள் எங்கள் மண். எங்கள் பிள்ளைகளுக்கு மிஞ்சியது தூசு.

விளையாட்டரங்கு கட்டித் தாருங்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. அது வரும்போது வரட்டும். ஒவ்வொரு பேரூராட்சியிலும் ஒரே ஒரு உலர்களத்தின் பாதிக்குக் கூரை போடுங்கள் என்கிறேன். வெயில் வேண்டிய பாதி திறந்திருக்கட்டும். இதில் முதற் பயன் உழவருக்கே. காயப்போட்ட நெல்மேல் திடீர் மழை விழும்போது தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு குடும்பமே ஓடுவதை இந்தப் பக்கத்தில் பார்க்காதவர் இல்லை. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்தைத் தாண்டினால் நெல் நிற்கும். தளர்வு கேட்டு ஆண்டுதோறும் மனுப் போட வேண்டும். பக்கத்திலேயே கூரை இருந்தால் அள்ளி ஒதுக்கிவிடலாம். அறுவடை இல்லாத மாதங்களில் அந்தக் கூரையின்கீழ் பிள்ளைகள் சறுக்கட்டும், பூப்பந்து ஆடட்டும், பெண்கள் மாலையில் நடக்கட்டும், கும்மி பழகட்டும். ஈரத்துக்கு அஞ்சுகிறவர் உழவரும்தான், நானும்தான். எங்கள் இருவர் அச்சத்துக்கும் ஒரே தகரம் போதும்.

ஊரில் ஆயிரம் குறை இருக்கையில் உனக்குச் சக்கரம் கேட்கிறதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. குடிநீரும் மருத்துவமனையும் முதலில் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் குறைகள் தீர்ந்தபின் விளையாடலாம் என்று காத்திருந்தால் ஒரு தலைமுறைப் பெண்களின் கணுக்கால்கள் பரணிலேயே இருந்துவிடும். என்னுடையவை 28 ஆண்டுகள் இருந்தன. இறக்கியபோது துரு ஏறியிருந்தது, இருந்தும் சுழன்றன. எல்லோருக்கும் அப்படி நேரும் என்று சொல்ல முடியாது.

இன்னும் மழைக்காலத்துக் காலைகளில் துடைப்பத்தோடு களத்துக்குப் போகிறேன். ஆட்டுக்கார மூதாட்டி சில நாட்களில் எதிர்ப்படுவார். "காஞ்சுதா?" என்பார். "இன்னும் இல்ல ஆயா" என்பேன். ஆடுகள் போகும்வரை நின்றுவிட்டு, கிழக்கு மூலையிலிருந்து பெருக்கத் தொடங்குவேன்.